இடது பக்கத்துப் பாக்கெட்

ஆஸ்பத்திரி மருந்துக் கிடங்கில் பதினெட்டு வருஷம் குப்பை கொட்டியவளுக்குச் சந்தேகம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். இடுப்பில் பதினோரு சாவி தொங்கும். வராந்தாவில் அவள் வருவது முதலில் காதுக்குத்தான் தெரியும். அதனால் பெரிய டாக்டரிலிருந்து தரை துடைக்கிறவர் வரை எல்லாருக்கும் அவள் சாவியம்மா. தங்கமான மனுஷி, மற்றபடி ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் ஓர் அட்டை மாத்திரை குறைந்தது என்று வையுங்கள், எதிரே நிற்கிறவரின் சட்டைப் பையைக் கண்ணாலேயே துழாவி முடித்திருப்பாள்.

அப்படிப்பட்டவள் வீட்டு அலமாரியிலேயே குளுக்கோஸ் மாத்திரை குறைய ஆரம்பித்தால் சும்மா இருப்பாளா?

விஷயம் தெரியாதவர்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். சாவியம்மாவுக்கு ஒரே பெண். பதினேழு வயசாகியும் வீட்டில் அவள் பாப்பாதான். ஒன்பது வயசிலிருந்து சர்க்கரை வியாதி. நாளைக்கு நாலு ஊசி, அவளே போட்டுக்கொள்வாள். ஊசியைப் பற்றி யாருக்கும் பயமில்லை. பயமெல்லாம் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடுவதைப் பற்றித்தான். கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், பேச்சு குழறும். அந்த நேரத்தில் மூன்று குளுக்கோஸ் மாத்திரையை வாயில் போட்டு மென்றால் கால் மணி நேரத்தில் பெண் பழையபடி வாயாடுவாள். போடாமல் விட்டால் மயக்கம்தான். அதற்கு மேல் என்ன ஆகும் என்று சாவியம்மா யோசிப்பதில்லை. பெண்ணை இரண்டு தடவை தோளில் போட்டுக்கொண்டு ஓடியிருக்கிறாள், அது போதும்.

இப்போது பள்ளிக்கூடத்தில் மலையேற்றம். ஒரு ராத்திரி மலையிலேயே தங்கி மறுநாள் இறங்குவது. "ஒரு மாசம் சர்க்கரை இறங்காம இருந்தா தாராளமா அனுப்புங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். சாவியம்மா "சரிங்க டாக்டர்" என்று வெளியே வந்தாள். அன்றைக்கே அலமாரிக் கதவில் காகிதம் ஒட்டி, மாத்திரை பாக்கெட் எத்தனை இருக்கிறது என்று பென்சிலால் குறித்து வைத்தாள்.

பதினான்கு பாக்கெட். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் ஒன்பது. அதற்கடுத்த மூன்றாம் நாள் ஐந்து.

"பாப்பா, மாத்திரை எங்கடி?"

"எறும்பு வந்துடுச்சும்மா. தூக்கிப் போட்டுட்டேன்."

எறும்பாம். சாவியம்மா வீட்டில் எறும்பு நுழைய வேண்டுமென்றால் அதுவே கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வரவேண்டும். யார் காதில் பூச்சுற்றுகிறாள் இவள்? குப்பைக் கூடையைக் கவிழ்த்துப் பார்த்தாள். அடியில், பழைய நோட்டுத் தாளுக்குள் சுருட்டி மறைத்து, மாத்திரை சுற்றியிருந்த காகிதங்கள். கிழிந்தவை, கசங்கியவை. அதில் பாதி ஈரம். ஈரம் எதற்கு என்று அவளுக்குப் பிடிபடவில்லை. பிடிபடாததுதான் அவளை இன்னும் குடைந்தது.

அவள் போட்ட முடிச்சு இதுதான். பெண்ணுக்குத் தினமும் சர்க்கரை இறங்குகிறது. சொன்னால் மலைக்கு விடமாட்டார்கள் என்று வாயை மூடிக்கொண்டு, மாத்திரையைத் தின்று சமாளிக்கிறாள். கீழே வீட்டிலேயே இந்த லட்சணம் என்றால் மலையில் என்ன ஆகும்?

பெண் பள்ளிக்கூடம் போனதும் சர்க்கரை பார்க்கிற மெஷினை எடுத்துப் பழைய அளவுகளை எல்லாம் புரட்டினாள். நூற்றுப் பத்து. தொண்ணூற்றாறு. நூற்று முப்பது. எல்லாம் நல்ல நம்பர்கள். ரொம்ப நல்ல நம்பர்கள். வேறொரு தாயாக இருந்தால் நிம்மதியாகக் காபி போட்டுக் குடித்திருப்பாள். சாவியம்மா மெஷினை முறைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

அன்று சாயந்திரம் கணவர் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் பிடித்துக்கொண்டாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் எத்தனை லிஃப்ட் நடுவில் நின்றாலும் பதறாத மனுஷர். வீட்டிலும் அதே கதைதான்.

"ஏங்க, அந்த நெட்டைப் பொண்ணு விரல்ல குத்தி அந்த ரத்தத்தை மெஷின்ல வெச்சிருப்பாளோ?"

"யாரு?"

"நம்ம பாப்பாதான். வேற யாரு? ஆஸ்பத்திரியில ஒருத்தர் தம்பியோட மூத்திரத்தைக் கொண்டுவந்து தன்னுதுன்னு குடுத்து வேலைக்குச் சேர்ந்தாரு. நான் கண்ணால பார்த்தவ."

"அடுத்தவ விரலைக் குத்தற அளவுக்கு உன் பொண்ணுக்கு மூளை இருந்தா கணக்குப் பரீட்சையில பாஸாகியிருப்பா" என்று சிரித்துவிட்டு அவர் கை கழுவப் போனார். போகும்போது வாயில் எதையோ மென்றுகொண்டிருந்தார். சாவியம்மா அதையும் பார்த்தாள். ஆனால் அவள் கண் முழுக்கப் பெண் மேல் இருந்ததால் புருஷனை அப்போதைக்கு விட்டுவிட்டாள்.

நெட்டை என்பது பாப்பாவின் சிநேகிதி. கதவு நிலையில் குனிந்து வருகிற உயரம். ரெண்டு வாரமாகத் தினமும் வந்துவிடுகிறாள். வந்ததும் ரெண்டு பேரும் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார்கள். சாவியம்மா வெங்காயத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே கதவில் காதை ஒட்டினாள். உள்ளே ஜிப் திறக்கிற சத்தம். மூடுகிற சத்தம். "மறுபடியும்" என்று நெட்டையின் குரல். தொப்பென்று ஏதோ விழுந்தது. "சுத்தி விடு, சுத்தி விடு" என்றாள் பாப்பா. அப்புறம் ரெண்டும் இளித்துக்கொண்டன.

பொறுக்க முடியாமல் கதவைத் தட்டினாள். திறக்க அரை நிமிஷம் ஆயிற்று. பாப்பாவின் கழுத்தில் துண்டு தொங்கியது, தலை கலைந்திருந்தது. நெட்டை போனை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். ஒரு வாளித் தண்ணீர் வேறு நடு அறையில்.

"என்னடி நடக்குது?"

"பேக்கிங்மா."

"பேக்கிங்குக்கு எதுக்குத் தாழ்ப்பாள்? எதுக்குத் தண்ணி?"

"தண்ணி... பை நனையுமான்னு பார்க்கறோம் ஆன்ட்டி" என்றாள் நெட்டை. பொய் சொல்லிப் பழகாத பெண், முகமே காட்டிக்கொடுத்துவிட்டது.

சாவியம்மா ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டாள். அவள் ஒன்றும் சொல்லாமல் வருகிறாள் என்றால் அதுதான் ஆபத்து.

போகவேண்டாம் என்று ஒரு வார்த்தையில் நிறுத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நிறுத்த நினைத்தாள். ஆனால் கையில் ஆதாரம் இல்லை. ஆதாரம் இல்லாமல் நிறுத்தினால் அந்தப் பெண் ஜென்மத்துக்கும் மன்னிக்காது. எட்டு வருஷமாகச் சுற்றுலா, தோழி வீடு, கல்யாணக் கூட்டம் எதற்கும் தனியாக விட்டதில்லை. முதல் தடவையாக வாயைத் திறந்து கேட்டிருக்கிறாள். சரி, போகட்டும், ஆனால் பையை நான் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று முடிவு கட்டினாள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் சாயந்திரம் பாப்பா தலைக்குக் குளிக்கப் போனாள். அவளுக்குத் தலைக்குளியல் என்றால் முக்கால் மணி நேரம். சாவியம்மா அறைக்குள் போய்ப் பையைக் கட்டில் மேல் தூக்கி வைத்தாள்.

தேடியது மிட்டாய், இல்லையென்றால் ஏதாவது கடுதாசி. இரண்டும் இல்லை. ஆனால் பையைப் பிரித்ததுமே அவளுக்குக் கை அரித்தது. என்ன அடுக்கல் இது? அடியில் பஞ்சு போல ஸ்லீப்பிங் பேக். அதற்கு மேலே, முதுகை ஒட்டி நடுவில், தண்ணீர், சாப்பாட்டு டப்பா, கூடாரத்தின் கம்பி என்று கனமான எல்லாமும். சுற்றிலும் துணி. உச்சியில் மழைக்கோட்டு. கனத்தை நடுவில் தொங்கவிடுகிற அதிசயத்தை அவள் எங்கும் பார்த்ததில்லை. கிடங்கில் குளுக்கோஸ் பாட்டில் பெட்டிகள் எப்போதும் கீழ்த்தட்டில்தான் இருக்கும். பாரம் மேலே போனால் அலமாரி சாயும். இது முதல் நாள் வேலைக்கு வருகிறவனுக்குக் கூடத் தெரியும்.

பைக்குள் பள்ளிக்கூடத்தில் கொடுத்த தாள் ஒன்று இருந்தது. கனம் முதுகின் நடுவில் வரவேண்டும் என்று அதில் படம் போட்டுக் காட்டியிருந்தது. பிள்ளைகள் மலை சார் என்று கூப்பிடுகிற விளையாட்டு வாத்தியார் எழுதியது. "பந்து உதைக்கிறவருக்கு அடுக்கறதைப் பத்தி என்ன தெரியும்" என்று அதை மடித்து ஓரமாக வைத்தாள்.

அப்புறம்தான் அதைப் பார்த்தாள். இடுப்பில் கட்டுகிற பட்டையில், இடது பக்கம், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சின்னப் பாக்கெட். அதற்குள் குளுக்கோஸ் மாத்திரை, நாலு பாக்கெட். வெளியே! மழை பட்டால் கரைகிற சாமானை, எவன் வேண்டுமானாலும் கை விட்டு எடுக்கிற இடத்தில், நடக்கும்போது ஜிப் கழன்றால் உதிர்ந்து போகிற இடத்தில். உயிர் காக்கிற மருந்துக்கு இதுவா இடம்? சாவியம்மாவுக்கு நிஜமாகவே கோபம் வந்தது.

கிடங்கில் ஒரு வழக்கம் உண்டு. எது ரொம்ப முக்கியமோ அது ரொம்ப உள்ளே. வராந்தாவிலிருந்து முதல் கதவு, ரெண்டாவது கதவு, அப்புறம் இரும்பு அலமாரி, அதற்குள் ஒரு பெட்டி. அந்தப் பெட்டி மருந்து பதினெட்டு வருஷத்தில் ஒன்று கூடத் தொலைந்ததில்லை.

அதே மாதிரி செய்தாள். ஒரு எவர்சில்வர் டப்பாவில் பையிலிருந்த இன்சுலினையும் மாத்திரைகளையும் வைத்து, மூடியில் ரெண்டு ரப்பர் பேண்ட் போட்டு, மேலே பிளாஸ்டர் ஒட்டி ‘மிக முக்கியம்’ என்று எழுதி, ஸ்லீப்பிங் பேக்குக்கு நடுவில் சுருட்டி வைத்தாள். வெயில் படாது, ஆடாது, தொலையாது. தண்ணீரையும் டப்பாக்களையும் அதற்கும் அடியில் இறக்கினாள். காலியான இடது பாக்கெட்டில் பஞ்சும் பிளாஸ்டரும் காகிதக் கைக்குட்டையும் அடைத்து ஜிப்பை மூடினாள். தடவிப் பார்த்தால் முன்பு இருந்த மாதிரியே பொம்மென்று இருந்தது. வேலை முடிந்த திருப்தியில் அவளுக்கு இரண்டு வாரத்தில் முதல் தடவையாகப் பசித்தது.

காலையில் ஆறு மணிக்குப் பஸ். தெருமுனையில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. பாப்பா பையை முதுகில் மாட்டினாள், ஒரு விநாடி நின்றாள். தோளைக் குலுக்கிப் பார்த்தாள்.

"அம்மா, பையைத் திறந்தியா?"

"இல்லையே."

"நெஜமா?"

"நான் ஏன்டி உன் பையைத் திறக்கறேன்?"

பெண் அவள் முகத்தையே பார்த்தாள். மறுபடி ஹாரன். "சரி" என்று சொல்லிவிட்டு ஓடினாள். முதுகுக்குப் பின்னால் பை தொங்கித் தொங்கி இடித்தது. பொய் சொன்னது சாவியம்மாவுக்கு உறுத்தத்தான் செய்தது. ஆனால் நல்லதுக்குத்தானே என்று அதையும் உள்ளே தள்ளிவிட்டாள்.

அன்று அவளுக்கு விடுமுறை நாள். எட்டு மணி வாக்கில் பெண்ணின் மேஜையைத் துடைக்கப் போனாள். துடைக்க என்றுதான் அவளும் சொல்லிக்கொண்டாள். மேஜை விரிப்புக்கு அடியில் மடித்த தாள் ஒன்று. ஆகா, மாட்டினாயா என்று பிரித்தாள்.

பாப்பாவின் கோழிக்கிறுக்கல். ‘கண்ணைக் கட்டி, உட்கார்ந்து: 41 விநாடி. 22. 9. ஈரக் கை: 30. 17. மூணு சுத்து சுத்தி, தலை கிறுகிறுப்போட: 26. 14. 8. 6. படுத்துக்கிட்டு, இருட்டுல: 6. 5. 4.’ அதற்குக் கீழே கோடு போட்டு, ‘இடது பாக்கெட். யோசிக்கக் கூடாது. கை தானா போகணும்.’

ஒரு தடவை படித்தாள். புரியவில்லை. இரண்டாம் தடவை படித்தபோது அந்த ஈரக் காகிதமும் துண்டும் வாளித் தண்ணீரும் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து மண்டையில் இறங்கின. அப்படியே கட்டிலில் உட்கார்ந்தாள்.

"ஏங்க" என்று கூப்பிட்டாள். மறுபடி கூப்பிட்டாள்.

அவர் முகத்தில் ஷேவிங் சோப்போடு வந்தார். தாளைப் பார்த்ததும் திருட்டு முழி முழித்தார்.

"இது உங்களுக்குத் தெரியுமா?"

"நான்தான் சில நாள் டைம் பார்த்தேன்" என்றார். "சுகர் இறங்கறப்போ கண்ணு மங்கிடும், மூளை வேலை செய்யாதுன்னு அவதான் சொன்னா. அதனால கை தானாப் போய் எடுக்கற மாதிரி பழகிக்கணும்னு. கிழிச்ச மாத்திரை வீணாகக் கூடாதுன்னு நான் தின்னுட்டேன். ஒண்ணு ரெண்டு நெட்டையும் தின்னா."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

அவர் சோப்பைத் துடைத்துக்கொண்டார். "சொன்னா என்ன செஞ்சிருப்பே? இவ்வளவு பயிற்சி தேவைப்படற இடத்துக்கு எதுக்குப் போறேன்னு கேட்டிருப்பே. அந்த மாத்திரையையும் உள்ளே வெச்சுப் பூட்டியிருப்பே."

"பூட்டிட்டேங்க" என்றாள் சாவியம்மா. "நேத்தே பூட்டிட்டேன்."

லிஃப்ட் நடுவில் நின்றாலும் பதறாத மனுஷர் அன்றைக்குப் பதறினார். பெண்ணின் போன் அணைந்து கிடந்தது, மலை சாரின் போன் தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தது. பள்ளிக்கூட வாட்ச்மேன் ஒருவர்தான் எடுத்தார், அவர் "எல்லாரும் மலைக்குப் போயிருக்காங்களே" என்று தகவல் சொன்னார். பாதி ஷேவிங்கோடு கணவர் வண்டியை எடுக்க, சாவியம்மா பின்னால் ஏறி உட்கார்ந்தாள். போய்ச் சேர ரெண்டு மணி நேரம் ஆயிற்று.

மலையடிவாரத்தில் ஒரு சோதனைச் சாவடி. பிள்ளைகள் எட்டரைக்கே ஏறிவிட்டார்கள் என்றார் காவலர். மேலே போன் எடுக்காது, சாவடி வரைக்கும்தான். ஏதாவது தகவல் வந்தால் வாங்குவதற்கும், தேவைப்பட்டால் வண்டி பிடிப்பதற்கும் ஒருத்தர் கீழே இருந்தாக வேண்டும். "நீங்க இருங்க, நான் போறேன்" என்று கணவரிடம் சொன்னாள்.

பாறையில் வெள்ளை அம்புக்குறி போட்டிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். நாற்பத்தாறு வயசு, கிடங்கின் ஏணி தவிர எதிலும் ஏறாத முட்டி. கையில் ஒரு தண்ணீர் பாட்டில் கூட இல்லை. ஊருக்கெல்லாம் எடுத்து வைக்கிறவள் தனக்கு ஒன்றும் எடுத்து வைக்காமல் வந்திருந்தாள். ஒவ்வொரு திருப்பத்திலும் பெண் விழுந்து கிடப்பதாகவே பட்டது. மரத்தடியில் ஒரு நீலத் துணி தெரிந்தது, ஓடிப்போய்ப் பார்த்தால் யாரோ விட்டுப்போன பழைய சாக்கு. கொஞ்ச நேரம் அதையே பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்கினாள்.

பன்னிரண்டு மணி இருக்கும். மேலே பேச்சுச் சத்தம் கேட்டது. அகலமான பாறை மேல் இருபது பிள்ளைகள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் மலை சார். அவர் பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்து நெட்டையின் டப்பாவிலிருந்து தின்றுகொண்டிருப்பது பாப்பா. உயிரோடு. சாவியம்மாவுக்கு அப்போதுதான் கண்ணீர் வந்தது.

முதலில் அவளைப் பார்த்தது நெட்டை. எழுந்து வந்து வழியில் நின்றுகொண்டாள். அந்தப் பெண் கோபப்பட்டு அவள் பார்த்ததேயில்லை.

"நீங்கதானே ஆன்ட்டி பையை மாத்தினீங்க?"

சாவியம்மா தலையசைத்தாள்.

"கனமெல்லாம் அடியில இருந்து பின்னாடி இழுத்துட்டே வந்திருக்கு. அவ வாயே திறக்காம ரெண்டு மணி நேரம் ஏறினா. நான் முன்னாடி போயிட்டேன். இவளுக்கு இறங்கிடுச்சு. உட்கார்ந்து இடது பாக்கெட்டைத் திறந்திருக்கா. பஞ்சு. அதை எடுத்துப் போட்டுட்டு மறுபடி அதுக்குள்ளயே கை விட்டிருக்கா. மறுபடி. அங்கேதானே இருக்கணும். வேற எங்கயும் தேடவே இல்லை ஆன்ட்டி, அப்படித்தானே நாங்க பழகினோம். கடைசியா வந்த சார் பார்க்கறப்போ அவ அந்தப் பஞ்சை வாயில வெச்சு மென்னுட்டிருந்தா."

"அப்புறம்?"

"சார் விசில் ஊதினாரு. எங்கிட்ட ஒரு பாக்கெட் குடுத்து வெச்சிருந்தா. ஓடி வந்து போட்டேன். உங்க டப்பா ஸ்லீப்பிங் பேக்கைப் பிரிச்சப்போதான் கிடைச்சுது. மேலே மிக முக்கியம்னு எழுதியிருந்துது."

சாவியம்மா அந்தப் பெண்ணைக் கடந்து போய்ப் பாப்பாவின் முன்னால் உட்கார்ந்தாள். பெண்ணின் முகம் வெளுத்திருந்தது, ஆனால் கண் தெளிவாக இருந்தது. பையை அவளே பிரித்துப் பழையபடி அடுக்கி முடித்திருந்தாள்.

"நான்தான் திறந்தேன்" என்றாள் சாவியம்மா. "கேட்டப்போ பொய் சொன்னேன்."

"தெரியும்" என்றாள் பாப்பா. "பையைத் தூக்கினதுமே சந்தேகமாத்தான் இருந்துது. பஸ்ல பிரிச்சுப் பார்க்கலாம்னு நினைச்சேன். நீ இல்லைன்னு சொன்னியே, அதான் பார்க்கல."

அதைவிட அவள் திட்டியிருக்கலாம். சாவியம்மாவுக்கு அடி வாங்கின மாதிரி இருந்தது.

மலை சார் பக்கத்தில் வந்தார். சின்ன வயசுதான், அவரும் பயந்துதான் போயிருந்தார். "ஒரு மணி நேரமா நாலு தடவை பார்த்தாச்சும்மா, நூறுக்கு மேல நிலையா நிக்குது. இனிமே இவ என் பக்கத்துலதான் நடப்பா. ஆனா நீங்க அழைச்சுட்டுப் போறதா இருந்தாலும் சரிதான். முடிவு உங்களோடது."

அழைத்துக்கொண்டு போய்விட வேண்டும். உடம்பில் இருக்கிற ஒவ்வொரு நரம்பும் அதைத்தான் சொன்னது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கி, வீட்டில் வைத்து, கதவைச் சாத்திவிட்டால் இன்றைக்குத் தூங்கலாம். பாப்பா கெஞ்சவில்லை. சாப்பாட்டை நிறுத்திவிட்டு அம்மா என்ன சொல்லப் போகிறாள் என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் நம்பிக்கை ஒரு பொட்டு இல்லை.

"அவளையே கேளுங்க சார்" என்றாள் சாவியம்மா. "அவளுக்குத்தான் தெரியும்."

பாப்பா சாப்பாட்டு டப்பாவை மூடி நெட்டையிடம் கொடுத்தாள். "நான் மேலே போறேம்மா" என்றாள் அப்புறம்.

"போ."

பிள்ளைகள் எழுந்து பைகளை மாட்டிக்கொண்டார்கள். பாப்பாவும் மாட்டிக்கொண்டு இடுப்புப் பட்டையை இறுக்கினாள். இப்போது பை முதுகோடு ஒட்டி நின்றது. சாவியம்மா கிட்டப் போய்ப் பையும் பெண்ணுமாகச் சேர்த்துக் கட்டிப்பிடித்தாள். பெண்ணும் கட்டிக்கொண்டாள், நன்றாகவே கட்டிக்கொண்டாள். நாளைக்குச் சாயந்திரம் பஸ் வரும் இடத்தில் அப்பாவை நிற்கச் சொல் என்றாள். சரி என்று சாவியம்மா திரும்பி நடந்தாள்.

பத்தடி கூடப் போயிருக்கமாட்டாள். பின்னால் ஜிப் திறக்கிற சத்தம் கேட்டது.

சாவியம்மா நின்றாள், ஆனால் திரும்பவில்லை. திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது. அம்மா கட்டிப்பிடித்துவிட்டுப் போனதும் பெண் இடது பாக்கெட்டைத் திறந்து உள்ளே கை விட்டு, மாத்திரை இருக்கிறதா என்று பார்க்கிறாள். வாய்க்குள் எண்ணுவது கூடக் கேட்டது. ஒண்ணு, ரெண்டு, மூணு.

அழுகையை அடக்கிக்கொண்டு, நல்லாப் பாருடி, இன்னொரு தடவை பாரு, நான் தொட்டாலும் பாரு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே நின்றாள். ஜிப் மூடுகிற சத்தம் கேட்ட பிறகுதான் இறங்க ஆரம்பித்தாள்.